ஸ்டெர்லிங்கா, முலாமா? பழைய வெள்ளிச் சாமானை இனங்கண்டு மதிப்பிடுவது எப்படி

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு தாம்பாளம் நிறையக் கரண்டியும் முட்கரண்டியும் கிடக்கும். நீலகிரியில் பழைய எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது தேநீர்க் கெட்டிலும் சர்க்கரைக் கிண்ணமும் மெழுகுவத்தித் தண்டும் ஏலத்துக்கு வருவதுண்டு. லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலேயே இவையெல்லாம் கைக்கு எட்டும். கறுத்துப் போயிருக்கும். திருப்பினால் அடியில் பொடிப்பொடியாக நாலைந்து முத்திரைகள் தெரியும். "பிரிட்டிஷ் காலத்து வெள்ளி" என்று சொல்லித்தான் விலை பேச ஆரம்பிப்பார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகம். எப்போதாவது ஒன்றிரண்டு நிஜமான ஸ்டெர்லிங் வெள்ளியாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி மின்னும், ஒரே மாதிரி கறுக்கும், கையில் ஏறக்குறைய ஒரே மாதிரி கனக்கும். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதைப் பிரித்தறிய வருடக்கணக்கில் அனுபவம் தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

ஸ்டெர்லிங் என்பது என்ன

சுத்த வெள்ளி மிகவும் மெத்தென்று இருக்கும். அதில் கரண்டி செய்தால் நாலு நாளில் வளைந்துவிடும். அதனால் கொஞ்சம் செம்பு சேர்த்து உருக்குவார்கள். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு என்றால் அது ஸ்டெர்லிங். நம்மூர் நகைக்கடையில் "92.5 வெள்ளி" என்று விற்பதும் இதே கலவைதான். சேலத்தில் கொலுசு வாங்கும்போது "இத்தனை டச்" என்று சொல்வார்களே, அதுவும் நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்குத்தான்.

ஸ்டெர்லிங் சாமானை எங்கே வெட்டினாலும் உள்ளே அதே வெள்ளிதான் இருக்கும். முலாம் பூசியதை வெட்டினால் உள்ளே செம்போ பித்தளையோ வேறு கலப்பு உலோகமோ தெரியும். வெள்ளி மேலே மெல்லிய தோலாக மட்டும் ஒட்டியிருக்கும். நாம் பார்க்கப்போகிற சோதனைகள் எல்லாம், வெட்டாமலே இதைக் கண்டுபிடிப்பதற்கானவை.

முத்திரையைக் குத்தியது யார்?

ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. முத்திரை இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். செய்தவரே குத்திக்கொண்ட முத்திரை வேறு. செய்தவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் அலுவலகம் உலோகத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்துவிட்டுக் குத்திய முத்திரை வேறு. முதலாவது விளம்பரம், இரண்டாவது சாட்சி. பழைய வெள்ளி விஷயத்தில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் விளம்பரத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டவர்கள்.

இங்கிலாந்தில் இந்தச் சாட்சி முறை மிகப் பழையது. 1300இல் முதலாம் எட்வர்டு மன்னரின் காலத்துச் சட்டம், ஸ்டெர்லிங் தரத்துக்குக் குறைந்த வெள்ளியை விற்கக்கூடாது என்றது. சோதித்துத் தேறிய பொருளில் சிறுத்தைத் தலை முத்திரை விழுந்தது. 1363இல் செய்தவரின் அடையாளமும் வேண்டும் என்றானது. 1478இல் ஆண்டு எழுத்து வந்தது. 1544இலிருந்து நடக்கும் சிங்கம் வந்தது. வலது முன்காலைத் தூக்கியபடி இடப்பக்கம் நடக்கிற அந்தச் சிங்கம்தான் ஸ்டெர்லிங்குக்கான அடையாளம். இந்த ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொள்வோம். காம்பின் பின்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த முத்திரை தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒன்றில் இரண்டு எழுத்துகள்: அது செய்தவரின் முதலெழுத்துகள். ஒன்றில் சிங்கம். ஒன்றில் நங்கூரம்: அப்படியானால் பர்மிங்காமில் சோதித்தது. கிரீடம் இருந்தால் ஷெஃபீல்ட். இந்த இரு ஊர்களின் சோதனை அலுவலகங்களும் 1773இல் தொடங்கியவை. ஷெஃபீல்டின் கிரீடம் 1975இல் ரோஜாவாக மாறியது. சிறுத்தைத் தலை என்றால் லண்டன், கோட்டை என்றால் எடின்பரோ. அடுத்த குழியில் தனியாக ஓர் எழுத்து: அதுதான் ஆண்டைச் சொல்லும். பக்கவாட்டில் திரும்பிய ராஜா அல்லது ராணியின் தலையும் இருந்தால், அது தீர்வை கட்டியதற்கான முத்திரை. 1784 முதல் 1890 வரைதான் அதைக் குத்தினார்கள். ஆகவே அந்தத் தலையைப் பார்த்ததும் சாமான் எந்தக் காலத்தது என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம்.

ஆண்டு எழுத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒவ்வோர் ஊரும் தன் அகரவரிசையைத் தன் போக்கில் ஓட்டியது. வரிசை முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையோ மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். லண்டனின் ஓர் எழுத்து ஓர் ஆண்டைக் குறித்தால், அதே எழுத்து பர்மிங்காமில் வேறோர் ஆண்டைக் குறிக்கும். அதனால் முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஊருக்கான அட்டவணையில் எழுத்தின் வடிவத்தையும் கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இணையத்தில் இந்த அட்டவணைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1999க்குப் பிறகு சிங்கமும் ஆண்டு எழுத்தும் கட்டாயமில்லை. 925 என்ற எண் கட்டாயமானது.

சிங்கம் இல்லாவிட்டால் வெள்ளியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1697 முதல் 1720 வரை இங்கிலாந்தில் ஸ்டெர்லிங்கைவிட உயர்ந்த 958 தரம் கட்டாயமாக இருந்தது. வெள்ளி நாணயங்களை உருக்கிச் சாமான் செய்துவிடுகிறார்கள் என்பதால் கொண்டுவந்த ஏற்பாடு அது; அந்தக் காலத்துச் சாமான்களில் சிங்கத்துக்குப் பதில் பிரிட்டானியா என்ற பெண் உருவம் இருக்கும். எடின்பரோ நெடுங்காலம் முட்செடிப் பூவைக் குத்தியது. டப்ளினில் கிரீடம் வைத்த யாழ். அமெரிக்காவில் இங்கிலாந்து போன்ற சோதனை அலுவலகங்கள் இல்லை. அங்கே "ஸ்டெர்லிங்" என்ற சொல்லையே ஆங்கிலத்தில் முழுசாகப் பொறிப்பார்கள். ஜெர்மனியில் 1888க்குப் பிறகு பிறையும் கிரீடமும், பக்கத்தில் 800 போன்ற எண்ணும். பிரான்சில் 1838 முதல் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலை. அதன் முதல் தரம் ஸ்டெர்லிங்கைவிட உயர்ந்த 950. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பத்துச் சாமான் கைக்கு வந்தால் தேட வேண்டியது சிங்கத்தை இல்லை, இந்த மினர்வாவை.

இந்தியாவில் செய்த காலனிக் காலத்து வெள்ளி தனிக்கதை. சென்னையில் இங்கிலாந்துபோலச் சோதனை அலுவலகம் இருந்ததில்லை. மவுண்ட் ரோட்டில் இருந்த பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் தங்கள் பெயரையே பொறித்தன. தெய்வ உருவங்களைப் புடைப்பாக வரிசையாகச் செதுக்கிய "சாமி" வேலைப்பாட்டுக் கெட்டில்களும் கிண்ணங்களும் அப்படி இங்கிருந்து வெளிநாடு போனவை. அவற்றில் கடைப்பெயர் இருப்பது மதிப்புக்குப் பெரிய பலம். ஆனால் உலோகத்தின் தரத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். முத்திரையை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது.

முலாம்காரர்களின் முத்திரை

முலாம் சாமானில் மிக அதிகமாகக் காணப்படுவது ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்று பொருள். செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்த வெளிறிய உலோகம்தான் நிக்கல் சில்வர். ஜெர்மன் சில்வர் என்றும் அதையே சொல்வார்கள். அதில் பொட்டு வெள்ளி கிடையாது. பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதற்குப் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களும் ஓட்டல்களும் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளும் வெள்ளிபோல மின்னும் சாமான்களை வாங்க முடிந்தது. இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் மேசைச் சாமான்களில் இந்த வகை ஏராளம்.

முலாம்காரர்கள் அந்த எழுத்துகளை ஒரே வரியாக எழுதினால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கேடயத்துக்குள், பழங்கால வளைவெழுத்தில் குத்தினார்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அசல் முத்திரை வரிசைபோலவே தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு கேடயத்துக்குள்ளும் இருப்பது எழுத்தா, உருவமா என்று பாருங்கள். எல்லாமே எழுத்துகளாக இருந்து, நடுவில் சிங்கமும் இல்லை, ஊர்ச்சின்னமும் இல்லை என்றால் அது முலாம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஏ1 என்பது முலாமின் தரத்தைப் பற்றிய தயாரிப்பாளரின் சொந்தப் பெருமை. ஈ.பி.பி.எம். என்றால் உள்ளே வெள்ளீயக் கலவை. "ஷெஃபீல்ட்" என்று ஊர்ப்பெயரையே முழுசாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். அங்குள்ள சோதனை அலுவலகம் சின்னத்தைத்தான் குத்தியது, ஊர்ப்பெயரை எழுதவில்லை.

எண்களும் குழப்பும். அமெரிக்க முலாம் கரண்டிகளில் "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று இருக்கும். 1847 என்பது வணிகப் பெயரின் பகுதி, கரண்டி செய்த ஆண்டு இல்லை. ஜெர்மன் முலாம் கரண்டிகளில் 90 அல்லது 100 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு "90 சதவீத வெள்ளி" என்று விற்பவர்கள் உண்டு. அது ஒரு முழுத் தொகுதிக் கரண்டி, முட்கரண்டிகளுக்கும் சேர்த்து முலாம் பூசப் பயன்படுத்திய வெள்ளியைக் கிராமில் சொல்லும் எண். 1888க்குப் பிந்தைய ஜெர்மன் வெள்ளியில் தரத்தைச் சொல்லும் எண் ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில் 800, 835, 925 என்று மூன்று இலக்கமாகத்தான் வரும்.

மின்முலாமுக்கு முந்தைய ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் குப்பை என்று ஒதுக்கினால் மனசு தாங்காது. 1740களில் ஷெஃபீல்டில் கத்தி வேலை செய்துவந்த தாமஸ் போல்சோவர், செம்பின் மேல் வெள்ளியை வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, பிறகு சேர்ந்தே தகடாக நீள்கின்றன என்று கண்டார். இரண்டு நிற மாவு உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சப்பாத்தி தேய்த்தால் இரண்டும் சேர்ந்தே பரவுமே, அந்த மாதிரி. இதுதான் பழைய ஷெஃபீல்ட் பிளேட். தகட்டை வெட்டினால் விளிம்பில் செம்பு தெரிந்துவிடும் என்பதால், வெள்ளியை விளிம்பில் மடித்தோ வெள்ளிக் கம்பி வைத்தோ மறைத்திருப்பார்கள். விளிம்பை நகத்தால் வருடினால் அந்த மடிப்பு தட்டுப்படும். மேடான இடங்களில் செம்பின் இளஞ்சிவப்பு மெல்லக் கசிந்து தெரியும். அந்தச் சிவப்பைச் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். அதன்மேல் புதிதாக மின்முலாம் பூசினால் பழமையும் போகும், விலையும் போகும்.

முத்திரை தேய்ந்திருந்தால்

முத்திரை வாசிக்க முடியாத நிலையில் இருந்தால் தேய்மானத்தைப் பாருங்கள். கரண்டியை மேசையில் வைத்தால் குழிவின் பின்புறத்தில் ஒரு புள்ளிதான் மேசையைத் தொடும். வருடக்கணக்கில் உரசி முதலில் தேய்வது அந்த இடம். முட்கரண்டியில் முள்நுனிகள், தட்டில் அடிவிளிம்பு, கெட்டிலில் மூக்கின் நுனியும் மூடிக் குமிழும். அங்கெல்லாம் நிறம் மாறி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மங்கிய சாம்பல் மஞ்சளாகவோ தெரிந்தால் உள்ளே வேறு உலோகம். ஸ்டெர்லிங் எவ்வளவு தேய்ந்தாலும் தேய்ந்த இடமும் அதே வெள்ளை நிறத்தில்தான் இருக்கும். இந்த ஒரு சோதனையை நான் மற்ற எதையும்விட அதிகம் நம்புகிறேன். செலவில்லை, பொருளுக்குச் சேதமில்லை.

கறுத்திருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறுவதுதான் அந்தக் கறுப்பு. முலாமின் மேல்தோலும் வெள்ளிதானே, அதுவும் அப்படியே கறுக்கும். காந்தமும் பாதிதான் உதவும். ஒட்டினால் உள்ளே இரும்பு, விஷயம் முடிந்தது. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று துள்ள வேண்டாம். செம்பும் பித்தளையும் ஜெர்மன் சில்வரும்கூட ஒட்டாது. மேலே ஐஸ்கட்டி வைத்துச் சீக்கிரம் உருகுகிறதா என்று பார்க்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. வெள்ளி வெப்பத்தை வேகமாகக் கடத்தும், உண்மைதான். செம்பும் ஏறக்குறைய அதே வேகத்தில் கடத்தும். செம்பின் மேல் முலாம் பூசிய தட்டில் அந்தச் சோதனை பல்லிளித்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடியதில் சரியான விடை தருவது தண்ணீர்ச் சோதனை. 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும். முதலில் கரண்டியை அப்படியே எடை போடுங்கள்; 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஓர் உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கரண்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு 6.0 என்று காட்டினால், கரண்டியின் கன அளவு 6 கன சென்டிமீட்டர். 62ஐ 6ஆல் வகுத்தால் 10.3. ஸ்டெர்லிங்கின் அடர்த்தி அந்த அளவில்தான் இருக்கும். அதே 62 கிராம் கரண்டி ஜெர்மன் சில்வராக இருந்தால் தராசு 7.1 போலக் காட்டும், வகுத்தால் 8.7 வரும். செம்பு ஏறக்குறைய 9, பித்தளை சுமார் 8.5. வெள்ளிக்கும் மற்றதற்கும் நடுவில் தாராளமாக இடைவெளி இருப்பதால், சின்னப் பிழை வந்தாலும் தீர்ப்பு மாறாது.

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. 800 தர வெள்ளியும் 925 தர வெள்ளியும் அடர்த்தியில் மிக நெருக்கம். இந்தச் சோதனையால் அவற்றைப் பிரிக்க முடியாது. உள்ளே வெற்றிடமோ பிசினோ உள்ள கைப்பிடி, மெழுகுவத்தித் தண்டு, மரப்பிடி போட்ட கெட்டில் ஆகியவற்றில் இது செல்லாது. ஒரே உலோகத்தால் ஆன கரண்டி, தட்டு, கிண்ணம் போன்றவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் ஆசாரியிடமோ அடகுக்கடையிலோ கொண்டுபோகலாம். உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்ப்பார்கள். மேலோட்டமாக உரைத்தால் முலாமின் வெள்ளிதான் கல்லில் ஒட்டும், தவறான விடை வரும். அதனால் வெளியே தெரியாத இடத்தில் லேசாக அரத்தால் கீறிவிட்டு, உள் உலோகத்தை உரைக்கச் சொல்லுங்கள். கீறிய இடத்தில் நைட்ரிக் அமிலம் பச்சையாகப் பொங்கினால் உள்ளே செம்புக் கலப்பு உலோகம். வீட்டில் இந்த அமிலத்தைத் தொடாதீர்கள். தோலையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும். இப்போது பல கடைகளில் எக்ஸ்-கதிர் கருவி வைத்திருக்கிறார்கள். பொருளைக் கீறாமல் சில நொடிகளில் சதவீதத்தைக் காட்டும். அதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. முலாம் தடிமனாக இருந்தால் ஏமாறும். தேய்ந்த இடத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

விலை எங்கிருந்து வருகிறது

ஒரே ஸ்டெர்லிங் சாமானுக்கு மூன்று விலை சொல்லலாம்: உருக்கினால் கிடைக்கும் விலை, பயன்படுத்துவதற்காக வாங்குபவர் தரும் விலை, சேகரிப்பவர் தரும் விலை. உருக்கு விலைதான் அடித்தளம். அதற்குக் கீழே விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கணக்கு எளிது. எடையை 0.925ஆல் பெருக்கி, அன்றைய சுத்த வெள்ளியின் கிராம் விலையால் பெருக்குங்கள். 500 கிராம் எடையுள்ள ஸ்டெர்லிங் கெட்டிலில் 462.5 கிராம் சுத்த வெள்ளி. வாங்குகிற கடை உருக்குச் செலவும் லாபமும் கழித்துக்கொண்டு தரும். அதனால் இரண்டு மூன்று கடைகளில் கேட்பது நல்லது. வெளிநாட்டில் விற்பவர்கள் அவுன்ஸைக் கவனியுங்கள். வெள்ளி விலையைச் சொல்லும் டிராய் அவுன்ஸ் 31.1 கிராம்; சமையலறைத் தராசின் அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டையும் குழப்பினால் கணக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

எடை போடும்போது எதைக் கழிக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். சாப்பாட்டுக் கத்திகளில் அலகு பெரும்பாலும் எஃகு. கைப்பிடி மட்டும் மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே பிசின் நிரப்பியது. மெழுகுவத்தித் தண்டுகளின் அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தால், பாரத்துக்காக உள்ளே பிசினோ சாந்தோ நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கச் சாமானில் "வெயிட்டட்" என்று அதைப் பொறித்தே இருப்பார்கள். கையில் ஒரு கிலோ கனத்தாலும் அதில் வெள்ளி சிறுபகுதிதான். சிங்க முத்திரை அங்கே பொய் சொல்லவில்லை. அது தகட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது.

முலாமில் எவ்வளவு வெள்ளி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய மேசைக்கரண்டியின் மொத்தப் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்று வைப்போம். 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர் தடிமனில் தாராளமாகவே முலாம் பூசியிருந்தால், வெள்ளியின் கன அளவு 0.16 கன சென்டிமீட்டர். எடை ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவைப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் முலாம் சாமானை எடைக்கு எடுப்பவர்கள் வெள்ளிக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனாலும் முலாம் என்றாலே மலிவு என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர், ஹுகின் அண்ட் ஹீத் நிறுவனத்துக்கு வரைந்துகொடுத்த மின்முலாம் சாமான்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நேர்கோடுகளும் கோளங்களுமாக, நேற்று வரைந்ததுபோல இருக்கும். ஏலத்தில் அவற்றின் விலை, அதே எடையுள்ள சாதாரண ஸ்டெர்லிங்கை எங்கோ விட்டுவிட்டுப் போய்விடும். அங்கே விலை கைவேலைக்கும் கற்பனைக்கும்.

ஸ்டெர்லிங்கிலும் அப்படித்தான். செய்தவரின் முதலெழுத்தைக் கண்டுபிடிக்காமல் விற்றுவிடாதீர்கள். ஹெஸ்டர் பேட்மன், பால் ஸ்டோர் போன்ற லண்டன் கைவினைஞர்களின் முத்திரை உள்ள ஒரு சின்னச் சாமான்கூட உருக்கு விலையைப்போலப் பல மடங்கு போகும். ஹெஸ்டர் பேட்மன் 18ஆம் நூற்றாண்டில் கணவர் இறந்த பிறகு தன் பெயரிலேயே முத்திரை பதிவு செய்து பட்டறை நடத்திய பெண்மணி. அவர் முத்திரை சாய்ந்த கையெழுத்துப் பாணியில் இரண்டே எழுத்து.

நிலைமையும் விலையைத் தீர்மானிக்கும். பளபளப்பாக்கும் இயந்திரத்தில் அடிக்கடி கொடுத்த சாமானில் முத்திரை மொழுமொழுவென்று கரைந்திருக்கும், வேலைப்பாட்டின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். பழைய குடும்பச் சின்னத்தைச் சுரண்டி அழித்திருந்தால் அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும்; கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் உள்வாங்கும். வாயால் ஊதி ஆவி படியவிட்டுப் பாருங்கள். அந்த ஈரம் விலகும் நொடிகளில் ஒட்டுப்போட்ட தையல், அழித்த எழுத்தின் நிழல் எல்லாம் தெரியவரும். முத்திரைகளைச் சுற்றிச் சதுரமாக ஒரு தையல்கோடு தெரிந்தால் வாங்காதீர்கள். சின்னக் கரண்டியின் முத்திரையை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தில் பதிக்கும் மோசடி மிகப் பழையது. சாம்பல் நிறத்தில் ஈயப் பற்றவைப்பு இருந்தாலும் விலை குறையும்.

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எனக்குக் கவலை வருவது இந்த இடத்தில்தான். 1980 ஜனவரியில், அமெரிக்கச் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலையை அவுன்ஸ் 50 டாலர் அருகே கொண்டுபோனபோது, நல்ல வேலைப்பாடு உள்ள எத்தனையோ சாமான்கள் முத்திரையைக்கூட யாரும் வாசிக்காமல் உருக்குக் கலத்துக்குப் போயின. ஆசாரி ஒருவர் வாரக்கணக்கில் தட்டிச் செய்த பொருளைத் தராசில் போட்டு விற்பதற்கு முன்னால், பத்து நிமிஷம் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முத்திரைகளைத் தெளிவாகப் படமெடுத்து ஏல நிறுவனங்களுக்கு அனுப்பினால், பல நிறுவனங்கள் உத்தேச மதிப்பை இலவசமாகவே சொல்கின்றன. அதுவரை தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், முலாம் பூசவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

புதிதாக வாங்கும்போது

இந்தியாவில் வெள்ளிக்கு பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் முத்திரை 2005 முதல் இருக்கிறது. தங்கத்துக்குப்போலக் கட்டாயமில்லை, கடைக்காரர் விரும்பினால்தான். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஹெச்.யு.ஐ.டி. எனப்படும் ஆறு எழுத்து-எண் அடையாளம் வந்திருக்கிறது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் தரமும் சோதித்த மையமும் தெரியும். இதுவும் செய்தவருக்குச் சம்பந்தமில்லாதவர் சொல்லும் சாட்சி என்பதால், கேட்டு வாங்குவதே நல்லது. கடைக்காரரே பொறித்த வெறும் 925க்கு அந்தப் பலம் கிடையாது.

கல்யாணத்துக்கும் நவராத்திரிக்கும் பரிசு கொடுப்பதற்காக ஜெர்மன் சில்வர் தட்டும் குங்குமச் சிமிழும் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அழகுக்காக, அதற்குரிய விலையில் வாங்கினால் அதில் தவறே இல்லை. "வெள்ளி" என்று வாயால் சொல்லிக் கூடுதலாகக் கேட்டால், பில்லில் உலோகத்தின் பெயர், தரம், நிகர எடை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.